கதவை வாங்கிவிட்டுச் சுவரை எழுப்புங்கள்

மதுரை கோரிப்பாளையத்தில், இரண்டு ஆள் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்கி நிற்கவேண்டிய சந்து ஒன்றில், ஒன்றேகால் சென்ட் இடத்தில் ஒரு குடும்பம் வீடு கட்டிக்கொண்டிருக்கிறது. சுவர் இடுப்பளவுக்கு வந்திருக்கிறது. வீட்டுக்காரம்மா கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினார். கதவின் மேல்பகுதியில் சின்னச் சின்னக் கண்ணாடிச் சதுரங்கள். அதன்கீழ் ஒரு மரத்திட்டு. அதற்கும் கீழே அலங்காரம் எதுவும் இல்லாத நீளப் பலகைகள். "கிராஃப்ட்ஸ்மேன் கதவுன்னு போட்டிருக்காங்கண்ணே. கடையில விலை கேட்டா தலை சுத்துது. இதே மாதிரி மலிவா அமையாதா?"

அமையும். அவர் கேட்டது நம்மூர் ஆசாரிக்குப் புதிய பொருளே அல்ல.

அமெரிக்காவில் கஸ்டாவ் ஸ்டிக்லி 1901இல் தொடங்கிய 'தி கிராஃப்ட்ஸ்மேன்' இதழால் அந்தப் பாணிக்குப் பெயர் வந்தது. அதற்கு முன்னோடி இங்கிலாந்தின் வில்லியம் மாரிஸ். மரம் மரமாகவே தெரியட்டும், இணைப்பை ஒளிக்க வேண்டாம், செய்தவன் கை தெரியட்டும் என்பது அவர்களுடைய கட்சி. கொழும்பில் பிறந்த தமிழர் ஆனந்த குமாரசுவாமியும் அந்த வட்டத்தில் இருந்தவர்தான். சிங்களக் கலை பற்றி 1908இல் வெளியிட்ட பெருநூலை, மாரிஸ் பயன்படுத்திய அச்சுப்பொறியிலேயே அச்சிட்டார். மறு ஆண்டு அவர் எழுதியது 'இந்தியக் கைவினைஞன்'. மேற்கே தொலைத்துவிட்டுத் தேடியதை, இங்கே இன்னும் கையில் வைத்திருந்தவர்களைப் பற்றிய நூல் அது.

படத்தில் இருப்பது நாம் சட்டப்பலகைக் கதவு என்கிறோமே, அதற்குப் பக்கத்து உறவு. நான்கு பக்கமும் சட்டம், நடுவே குறுக்குச் சட்டம், சட்டத்தின் காடியில் பலகை. பலகையைப் பசை போட்டு ஒட்டுவதில்லை, காடிக்குள் சும்மா நிற்கும். சித்திரை வெயிலில் சுருங்கவும் ஐப்பசி மழையில் உப்பவும் அதற்கு இடம் இருக்கிறது. அதனால்தான் வெடிப்பதில்லை. கழுந்தும் துளையும் பிடித்து, மூங்கில் ஆணி அடித்த சட்டம் தளர்ந்தால், கழற்றித் திரும்பப் பூட்டலாம்.

செலவைப் பார்ப்போம். ஏழடிக்கு மூன்றரை அடி நிலை, 5க்கு 3 அங்குலக் கனம், கீழ்ப்படியும் உண்டு என்றால் 21 அடி நீள மரம் வேண்டும். கணக்குப் போட்டால் 2.19 கன அடி. ஒன்றரை அங்குலக் கதவுக்கு இன்னும் ஏறத்தாழ இரண்டரை கன அடி. அறுப்பில் போகும் சேதாரம் தனி. டிப்போவில் சொல்லும் விலையால் பெருக்கிப் பாருங்கள், மரத்துக்கு எவ்வளவு என்று தெரிந்துவிடும். கடையில் அதற்குமேல் கேட்பதில் பெரும்பகுதி செதுக்கலுக்கு. கஜலட்சுமியும் மயிலும் கொடியும் இப்போது இயந்திரத்தில் செதுக்கப்பட்டு வருகின்றன. அதை விட்டுவிட்டாலே பட்ஜெட் கைக்குள் வந்துவிடும்.

மரத்துக்கு வருவோம். வெட்டிய தேக்கு மரத்தை அப்படியே ஏற்றுமதி செய்வதை மியான்மர் 2014 ஏப்ரலில் நிறுத்தியது. தூத்துக்குடித் துறைமுகத்தில் இறங்கும் தேக்கில் ஆப்பிரிக்கத் தோட்ட மரம் நிறைய. இளமரமாக இருந்தால் வைரம் குறைவு, வெள்ளை அதிகம். வெட்டுமுகத்தைப் பார்த்து, வெள்ளையைக் கழித்து விலை பேச வேண்டும். செங்கோட்டை மில்களுக்கு நேரே போய் அறுத்து வருகிறவர்களும் உண்டு. ஒரே ஒரு கதவுக்காக வண்டி வாடகை கொடுத்துப் போவது கட்டுபடியாகாது.

சிக்கனக்காரருக்கு நான் சொல்லும் வழி பழைய கதவு. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போகச் சொல்லவில்லை. அங்கே செட்டிநாட்டுப் பர்மாத் தேக்குக்குக் கலைப்பொருள் விலை. நம் பக்கத்திலேயே பழைய வீடுகள் இடிபட்டுக்கொண்டுதான் இருக்கின்றன. கதவு கடைக்குப் போய்ச் சேருமுன் இடிக்கும் ஒப்பந்தக்காரரைப் பிடித்துப் பேசுங்கள். நிலையோடு சேர்த்தே வாங்குங்கள். பழைய கதவுகள் பல ஆறடிக்குள் முடிந்துவிடும், இரட்டைக் கதவாக இருக்கும், கீல் இல்லாமல் முளையில் சுழலும். சுவர் எழும்பியபின் வாங்கினால் அளவு பொருந்தாமல் கதவை வெட்டவேண்டி வரும். வெட்டினால் கழுந்து போயிற்று. கதவை முதலில் வாங்கிக் கொத்தனாரிடம் அளவு கொடுத்தால் இந்தத் தொல்லை இல்லை.

"அடுத்தவுக வாழ்ந்த வீட்டு நிலையை நம்ம வாசல்ல வைக்கலாமா தம்பி?" என்று அந்த வீட்டுப் பாட்டி கேட்டார். நிலை வைப்பதற்கு நாள் பார்த்து, மஞ்சள் பூசி, மாவிலை கட்டுகிற ஊரில் இதைத் தட்டிக்கழிக்க முடியாது. வாசலுக்குப் புது மரத்தில் நிலை, உள் அறைகளுக்குப் பழசு என்று முடிவானது. பாட்டி முகம் தெளிந்தது.

பார்த்து வாங்க வேண்டியது நிலைக்காலின் அடி. மண்ணில் புதைந்த அரையடியை ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். இறங்கினால் கரையானோ மக்கலோ உள்ளே இருக்கிறது. மூலைக்கு மூலை நூல் பிடித்தால் கோணல் தெரியும். பழைய எனாமல் பூச்சில் ஈயம் இருக்கலாம். வீட்டுப் பெயின்டில் ஈயத்தை 90 பிபிஎம் அளவுக்குக் கட்டுப்படுத்திய விதி 2017 நவம்பரில்தான் நடப்புக்கு வந்தது. ஆகவே உலர்ந்த நிலையில் தேய்க்க வேண்டாம். நனைத்துச் சுரண்டுங்கள், முகமூடி போடுங்கள், பிள்ளைகளைத் தள்ளி வையுங்கள். கிராஃப்ட்ஸ்மேன் தோற்றம் வேண்டுமா? மேல் பலகைகளை மட்டும் எடுத்துவிட்டு, பீடிங் அடித்துக் கண்ணாடி பொருத்தினால் தீர்ந்தது. வாசல் கதவுக்கு டஃபன்ட் கண்ணாடி நல்லது. அதை அளவெடுத்தபின்தான் செய்யச் சொல்ல வேண்டும், செய்தபின் வெட்ட முடியாது.

பிளஷ் கதவு மலிவு, ஒரே நாளில் மாட்டிவிடலாம் என்பார்கள். உண்மைதான். கடைக்கதவே கூடாது என்று நான் சொல்லவில்லை. குளியலறைக்கு நானும் பிவிசி கதவைத்தான் சொல்வேன்.

என் கவலை வேறு. பழைய கதவைச் சரிசெய்ய அந்தக் குடும்பத்துக்கு வந்து வாய்த்த ஆசாரிக்கு அறுபது வயதுக்கு மேல். ஒரு கழுந்தைத் தட்டி எடுத்து, புது மூங்கில் ஆணி சீவி, இறுக்கிக் காட்டினார். "என் மகனுக்கு மிஷின்ல படம் வெட்டத் தெரியும். இது தெரியாது. கத்துக்கிறதுக்கு யாரு ரெண்டு வருசம் கூலி குடுப்பா?" என்றார். குறையாகச் சொல்லவில்லை, கணக்காகச் சொன்னார். கதவு எங்கும் கிடைக்கிறது, கடனிலும் கிடைக்கிறது. அதைக் கழற்றி, திரும்பப் பூட்டி, இன்னொரு ஐம்பது வருடம் ஓட்ட வைக்கிற கை இப்படிக் குறைந்துகொண்டே போனால், இன்று இடிபடும் வீடுகளின் வைரம் பாய்ந்த மரமெல்லாம் சின்னச் சின்னதாக அறுபட்டு விறகுக்கும் ஸ்டூலுக்கும்தான் போகும். நல்ல மரம் இருந்தும் ஆள் இல்லாததால் வீணாவதைப் போலக் கொடுமை வேறில்லை. ஒப்பந்தத்தில் மொத்தமாகப் பேசி முடிக்கும்போது ஆசாரியின் நாள்கூலியை முதலில் குறைக்கிறோம். செதுக்கல் பலகைக்கு அதைவிடப் பலமடங்கு தரத் தயங்குவதில்லை.

வீடு கட்டுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். எல்லாக் கதவையும் கடையில் வாங்குவதாக இருந்தாலும் ஒரே ஒரு கதவை ஆசாரியிடம் கொடுங்கள். வரும்போது கூட ஒரு பையனையும் அழைத்து வரச் சொல்லுங்கள். அந்தப் பையனின் கூலியையும் நீங்களே கொடுங்கள்.