மணிக்கூண்டு கற்றுக்கொடுத்த கோஷம்!

கால்பந்துப் பந்தயம் பார்க்கப் போகிறவர்கள் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பதில்லை. கத்துவார்கள், கை தட்டுவார்கள், ரெபரியை ஒரு பிடி பிடிப்பார்கள். இங்கிலாந்தின் தென்கரையிலுள்ள போர்ட்ஸ்மத் பட்டணத்து ரசிகர்கள் ஒரு படி மேலே போய் மணி அடிக்கிறார்கள். கையால் அல்ல, தொண்டையால்!

போர்ட்ஸ்மத் பெரிய கடற்படைத் துறைமுகம். அதற்குச் செல்லப் பெயர் 'பாம்பி'. (நம் பம்பாய் வேறு, இது வேறு.) அந்தப் பெயரைச் சொல்லி, "ஊக்கமாக ஆடு" என்று ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே குரலில் இழுத்துப் பாடுவார்கள். ராகம், லண்டன் பிக் பென் கடிகாரம் மணி அடிக்குமுன் ஒலிக்கும் அதே ராகம்தான்.

மணியும் விசிலும்

ஊரின் டவுன் ஹால் 1890ல் திறக்கப்பட்டது. அதன் கோபுரத்தில் பெரிய கடிகாரம். அதற்குச் சமீபத்திலிருந்த மைதானத்தில், ராயல் ஆர்ட்டிலரி என்ற பீரங்கிப் படைச் சிப்பாய்களின் குழு ஆடி வந்தது. ஆட்டம் 4 மணிக்கு முடியவேண்டும். ரெபரிக்கு அந்தக் கோபுரக் கடிகாரமே கணக்கு. 4 மணி நெருங்கியதும், "போதும், விசிலை ஊதுமய்யா" என்று நினைவூட்டுவதுபோல, ஜனங்கள் மணியோசையைத் தாங்களே பாட ஆரம்பித்தார்களாம். ஆக, இன்று உற்சாகமூட்டும் இந்தக் கோஷம் பிறந்தது ஆட்டத்தை நிறுத்தச் சொல்வதற்காக!

1899ல் சிப்பாய்கள் குழு, அமெச்சூர் விதிகளை மீறியதாகக் குற்றம் சாட்டப்பட்டுப் போட்டியிலிருந்து விலக்கப்பட்டது. அத்துடன் அதன் கதை முடிந்தது. ரசிகர்கள் என்ன செய்வார்கள்? 1898ல் தோன்றியிருந்த போர்ட்ஸ்மத் கழகத்தின் பக்கம் சாய்ந்தார்கள். ஊரின் கிழக்கே பிராட்டன் பார்க் மைதானத்துக்கு அவர்களோடு பாட்டும் குடிபோயிற்று. கழகத்தின் 1900ம் வருஷக் கைப்புத்தகத்திலேயே அது அச்சேறிவிட்டது.

1941 ஜனவரி 10ந் தேதி இரவு ஜெர்மன் விமானங்கள் நெருப்புக் குண்டுகளை வீசின. டவுன் ஹால் எரிந்து வெறும் கூடாயிற்று. அதைப் புதுப்பித்து எலிசபெத் ராணி திறந்துவைத்தது 1959ல். இடைப்பட்ட காலத்தில், 1949லும் 1950லும், கழகம் அடுத்தடுத்து இங்கிலாந்து லீக் பட்டம் பெற்றது. கோபுரம் கரிந்து கிடந்தபோதும் மைதானத்தில் 'மணி' ஒலித்துக்கொண்டிருந்தது!

கடனில் முழுகிய கழகம்

குண்டுக்குத் தப்பிய பாட்டுக்குக் கடன்காரர்களால் ஆபத்து வந்தது. 2008ல் எப்.ஏ. கோப்பையை வென்ற கழகம், இரண்டே வருஷத்தில் திவாலாகி, கோர்ட் நிர்வாகிகளின் கைக்குப் போயிற்று. பிரீமியர் லீக்கில் இந்தக் கதிக்கு ஆளான முதல் கழகம் இதுவே. 2012ல் மறுபடியும் அதே நிலை. 2013ல் நாலாவது டிவிஷனுக்கு இறங்கிவிட்டது. மூடுவிழா எப்போது என்று கேட்காதவர் இல்லை.

அப்போது ரசிகர்கள் துணிந்தார்கள். ஆளுக்கு ஆயிரம் பவுன் பங்கு போட்டு, 2013 ஏப்ரலில் கழகத்தை வாங்கினார்கள். கோடீசுவரர்கள் கைவிட்டதை மைதானத்தில் தொண்டை கிழியக் கத்தியவர்கள் எடுத்து நிறுத்தினார்கள். 2017ல் நாலாவது டிவிஷன் பட்டம் கிடைத்தது. அதே வருஷம், பங்குதாரர்கள் ஓட்டெடுத்து, ஓர் அமெரிக்கச் செல்வரிடம் கழகத்தை ஒப்படைத்தார்கள். 2024ல் மூன்றாவது டிவிஷன் பட்டமும் வந்தது.

சொந்தக் குழு பின்தங்கி, கடைசி நிமிஷங்கள் ஓடும்போது இன்றும் அந்த மணி ஒலிக்கிறது. ஆனால் ரெபரி பழைய அர்த்தத்தை நினைத்துக்கொண்டு விசிலை எடுத்து ஊதிவிடக் கூடாதே என்பதுதான் அவர்கள் கவலை!