கடைக் கட்டடத்திற்கு பி.வி.சி. கூரை விரிப்பு: அன்பர்களுக்கு ஒரு விளக்கம்



"கோயிலுக்குக் கொடுத்த பணத்தைக் கடைக் கூரையில் ஏன் கொட்டுகிறீர்கள்?" என்று அம்மையார் ஒருவர் பொதுக்கூட்டத்தில் கேட்டார். நியாயமான கேள்வி. அன்று நேரம் போதாமையால் பொருளாளர் இரண்டு வாக்கியங்களில் பதில் சொல்லி அமர்ந்துவிட்டார். செயலவையில் கூரை விவரங்களைத் திரட்டும் பொறுப்பு எனக்கு வழங்கப்பட்டிருப்பதால், அந்தக் கேள்விக்கு இம்மலரில் சற்று விரிவாகவே பதில் எழுதக் கடமைப்பட்டிருக்கிறேன்.

நம் அறக்கட்டளைக்குச் சொந்தமான கடைவீடுகளின் வாடகையில்தான் நித்திய பூஜைக்குரிய எண்ணெயும், அர்ச்சகர் சம்பளமும், ஏழை மாணவர்களுக்கான கல்வி உதவியும் நடந்து வருகின்றன. உண்டியல் காணிக்கை திருவிழாக் காலத்தில் பெருகும். மற்ற மாதங்களில் மெலியும். வாடகை ஒன்றுதான் மாதந்தோறும் தவறாமல் வருவது. அந்தக் கடைகளின் மேல்மாடிக் கூரையோ ஒழுகுகிறது. வாடகைக்கு இருந்த ஒருவர் சரக்கு நனைந்து போனதென்று காலி செய்துவிட்டார். இன்னொருவர் வாடகையைக் குறைத்தால்தான் இருப்பேன் என்கிறார். ஆக, கடைக் கூரையில் விழும் ஓட்டை கடைசியில் சுவாமி விளக்கின் எண்ணெயைத்தான் தொடுகிறது.

மெர்சிங் வாசிகளுக்கு மழையைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. நவம்பர் முதல் மார்ச் வரை தென்சீனக் கடலிலிருந்து வடகிழக்குப் பருவக்காற்று நேராக நம் முகத்தில் அறைகிறது. டிசம்பர் அதன் உச்சம். 2006-ஆம் ஆண்டு டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் ஜோகூரை மூழ்கடித்த வெள்ளத்தை யாரும் மறந்திருக்க மாட்டோம். 2001-ஆம் ஆண்டு டிசம்பர் 27-ஆம் நாள் 'வாமெய்' என்னும் சூறாவளி நம் மாநிலத்தின் தென்கிழக்குக் கரையில் ஏறியது. பூமத்திய ரேகைக்கு இவ்வளவு அருகில் சூறாவளி உருவாகாது என்று அதுவரை பாடப் புத்தகங்கள் சொல்லி வந்தன. நானும் வகுப்பில் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தேன். இயற்கை பாடப் புத்தகம் படிப்பதில்லை.

ஒரு சிறு கணக்கு. ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது ஒரு லிட்டர் தண்ணீர். ஒரே நாளில் 100 மில்லிமீட்டர் பெய்வது நம் பருவமழைக்கு அதிசயமல்ல. 500 சதுர மீட்டர் தட்டைக் கூரையில் அது 50,000 லிட்டர். இத்தனையும் இரண்டு மூன்று குழாய்களின் வழியே இறங்கியாக வேண்டும்.

நம் முன்னோர் தட்டைக் கூரையை அறியாதவர்கள் அல்லர். தமிழகத்துக் கோயில்களில் கருங்கல் பாவிய மண்டபங்களின் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கெட்டித்து, அதன் மேல் தட்டோடு பதித்து, நீர் வழிந்தோட வாட்டம் வைத்தார்கள். கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைச் சுண்ணாம்பில் சேர்த்தார்கள். இன்றும் திருப்பணிகளில் இம்முறை கையாளப்படுகிறது. தில்லைச் சிற்றம்பலத்தின் பொற்கூரையில் ஓடுகள் 21,600 என்றும், அவற்றை இறுக்கிய ஆணிகள் 72,000 என்றும் சொல்வது மரபு. முன்னது மனிதன் ஒரு நாளில் விடும் மூச்சையும் பின்னது உடலின் நாடிகளையும் குறிப்பதாகப் பெரியோர் கூறுவர். தத்துவத்தை அறிந்தவர்கள் விளக்கட்டும். கூரை வேலை பார்ப்பவர் கவனிக்க வேண்டியது ஒவ்வோர் ஆணியும் ஒரு துளை என்பதைத்தான். அந்தத் துளையை மறைப்பதில்தான் கூரைக்காரரின் திறமை இருக்கிறது. இதைப் பின்னர் மீண்டும் சொல்ல வேண்டி வரும்.

ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். கருவறை விமானத்தின் மேலோ மகாமண்டபத்தின் மேலோ பிளாஸ்டிக் விரிப்பு எதையும் போடும் எண்ணம் செயலவைக்குக் கிடையாது. அது ஸ்தபதியும் சிவாச்சாரியாரும் ஆகம விதிப்படி முடிவு செய்ய வேண்டிய காரியம். இங்கே பேசுவது கடைக் கட்டடத்தின் சிமெண்டுத் தட்டைக் கூரையைப் பற்றி மட்டுமே.

அக்கூரையின் மேல் சில ஆண்டுகளுக்கு முன் ஒரு குத்தகையாளர் தார் விரிப்பை நெருப்பால் உருக்கி ஒட்டிக் கொடுத்தார். முதல் இரண்டு மழைக்காலம் நன்றாகவே இருந்தது. பிறகு வெயிலில் அங்கங்கே கொப்புளம் கிளம்பி, ஓரங்கள் பிரிந்தன. அதன் மேல் வெள்ளைச் சாயம் பூசினோம், மறுமுறையும் பூசினோம். காய்ச்சலுக்குச் சந்தனம் தடவிய கதைதான். தார் விரிப்பு மட்டமான பொருள் என்று நான் சொல்ல வரவில்லை. ஈரம் காயாத சிமெண்டின் மேல் எதை ஒட்டினாலும், உள்ளே அடைபட்ட ஈரம் வெயிலில் ஆவியாகி அதைத் தூக்கத்தான் செய்யும்.

இனி பி.வி.சி. விரிப்புக்கு வருவோம். பாலிவினைல் குளோரைடு என்பதன் சுருக்கமே பி.வி.சி. வீட்டுத் தண்ணீர்க் குழாயும் இதுதான், மழைக்கோட்டும் இதுதான். இயல்பில் இது முரட்டுப் பொருள். 1926-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் குட்ரிச் நிறுவனத்தில் வால்டோ சீமன் என்னும் விஞ்ஞானி, சில எண்ணெய் போன்ற திரவங்களைச் சேர்த்தால் இது ரப்பரைப் போல வளைந்து கொடுக்கும் என்று கண்டார். அத்திரவத்தை இளக்கி என்று சொல்லலாம். நல்ல விரிப்புக்கும் மட்டமான விரிப்புக்கும் உள்ள வேறுபாட்டில் பாதி இந்த இளக்கியில்தான் இருக்கிறது. மலிவான மழைக்கோட்டு சில ஆண்டுகளில் விறைத்து, மடித்த இடத்தில் வெடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். வெயிலாலும் வெப்பத்தாலும் இளக்கி மெல்ல வெளியேறிவிடுவதே காரணம். ஐரோப்பாவில் 1960-களிலிருந்து கூரைக்கு இவ்விரிப்பு பயன்பட்டு வருகிறது. தொடக்கத்தில் வந்த விரிப்புகள் சிலவற்றில் நூல்வலை இல்லை. அவை நாளடைவில் சுருங்கி, இழுபட்டு, அமெரிக்காவின் குளிர்ப் பகுதிகளில் கண்ணாடி போலச் சிதறின. 1990-ஆம் ஆண்டில் அந்நாட்டுக் கூரைத் தொழில் சங்கங்களே இதுபற்றி எச்சரிக்கை வெளியிட்டன. அதன் பிறகு பாலியெஸ்டர் நூல்வலை நடுவில் வைத்துச் செய்வதே வழக்கமாயிற்று. ஆனால் வலையில்லாத விரிப்பும் சந்தையில் இருக்கிறது. குளத்திற்கும், மேலே கல் நிரப்பி மூடிய கூரைக்கும் அது பொருந்தலாம். காற்று அடிக்கும் நம் கூரைக்குப் பொருந்தாது.

ஆகவே குத்தகையாளரிடம் முதலில் விலையைக் கேட்காதீர்கள். ஒரு துண்டைக் கேளுங்கள். கத்தியால் வெட்டி ஓரத்தைப் பாருங்கள். நடுவில் நூல்வலை தெரிய வேண்டும். ஏ.எஸ்.டி.எம். டி 4434 என்னும் அமெரிக்கத் தரவிதி, மொத்தத் தடிப்பு குறைந்தது 1.14 மில்லிமீட்டர் இருக்க வேண்டும் என்றும், வலைக்கு மேலே உள்ள பூச்சு 0.40 மில்லிமீட்டர் இருக்க வேண்டும் என்றும் கூறுகிறது. வெயில் தின்பது அந்த மேல் பூச்சைத்தான். மொத்தத் தடிப்பை மட்டும் கேட்டு ஏமாந்துவிடக் கூடாது. சந்தையில் 1.2, 1.5, 1.8, 2.0 மில்லிமீட்டர்களில் கிடைக்கிறது. ஆட்கள் அடிக்கடி ஏறி நடக்கும் கூரைக்கு 1.5-க்குக் குறையாமல் போடுவதே நல்லது என்பது என் கருத்து.

விரிப்பு தண்ணீரைத் தடுக்குமே தவிர ஓட வைக்காது. பி.எஸ். 6229 என்னும் பிரிட்டிஷ் தரவிதி, வேலை முடிந்த கூரையில் 80-க்கு 1 என்ற வாட்டமாவது இருக்க வேண்டும் என்கிறது. அதாவது 8 மீட்டர் நீளத்துக்கு 10 சென்டிமீட்டர் சரிவு. நம் கடைக் கூரையின் நடுவில் மழை விட்டு இரண்டு நாள் கழித்தும் தண்ணீர் நிற்கிறது, காக்கை குளிக்கிறது. முதலில் அங்கே சிமெண்டுக் கலவை போட்டு வாட்டம் சரி செய்ய வேண்டும். குழாய் வாயில் இலை அடைத்துக்கொண்டாலும் நீர் வழிய, கைப்பிடிச் சுவரில் அவசரப் போக்கு ஒன்றும் திறக்க வேண்டும். இச்செலவு விரிப்பின் விலையில் அடங்காது. சில குத்தகையாளர்கள் விலையைக் குறைத்துக் காட்ட முதலில் வெட்டுவது இதைத்தான்.

பழைய தாரின் மேல் பி.வி.சி.யை நேரடியாகப் படுக்க வைக்கவே கூடாது. தார் இளக்கியை உறிஞ்சிவிடும். விரிப்பு கறுத்து விறைத்துப் போகும். பாலிஸ்டைரீன் என்னும் வெள்ளை நுரைப் பலகையும் அப்படியே. ஒன்று தாரை முழுவதும் சுரண்டி எடுக்க வேண்டும், அல்லது இடையில் கம்பளி போன்ற செயற்கை நூல் விரிப்பு ஒன்றைப் போட்டுப் பிரிக்க வேண்டும். நமக்கு வந்த மதிப்பீடுகளில் ஒன்றில் இந்த இடைவிரிப்பு இடம்பெறவே இல்லை. விலை மிகக் குறைவாக இருந்ததும் அதுவே. அதைச் செயலவை ஒதுக்கி வைத்ததன் காரணம் இப்போது அன்பர்களுக்கு விளங்கும்.

விரிப்பைக் கூரையோடு பிணைக்க மூன்று வழிகள் உண்டு: பசையிட்டு ஒட்டுவது, திருகாணியால் இறுக்குவது, கல்லைப் பரப்பி அழுத்துவது. கல் பரப்பினால் பழைய கட்டடத்திற்குப் பாரம். பெருங்காற்றில் கல்லே பறக்கவும் கூடும். பசை நன்றாகப் பிடிக்க அடித்தளம் உறுதியாகவும் உலர்ந்தும் இருக்க வேண்டும். நம் கூரையின் சரித்திரம் நீங்கள் அறிந்ததே. ஆகவே திருகாணி முறையே நமக்கு ஏற்றது என்று கருதுகிறேன். இங்கேதான் தில்லை ஆணி நினைவுக்கு வருகிறது. ஒரு விரிப்பின் ஓரத்தில் திருகாணியும் தட்டும் வைத்து இறுக்கிய பின், அடுத்த விரிப்பு அதன் மேல் படிந்து மூடிவிடும். ஆணி வெளியே தெரியாது, மழையும் அதைத் தொடாது. காற்று கூரையைக் கீழே அழுத்துவதைவிட மேலே உறிஞ்சுவதே அதிகம். மூலைகளிலும் ஓரங்களிலும் அந்த உறிஞ்சல் மிகக் கடுமை. எனவே அவ்விடங்களில் திருகாணிகள் நெருக்கமாக வர வேண்டும். எத்தனை என்பதைப் பொறியாளர், எம்.எஸ். 1553 என்னும் மலேசியக் காற்றுச்சுமை விதிப்படி கணக்கிட்டுக் கையெழுத்திட வேண்டும், கண்ணளவு போதாது. கடல் உப்புக்காற்றில் சாதாரண நாகம் பூசிய ஆணி துருப்பிடிக்கும். சற்று விலை கூடினாலும் துருப்பிடிக்காத எஃகே வேண்டும்.

இரண்டு விரிப்புகளைப் பசையால் இணைப்பதில்லை. சூடான காற்றை ஊதி, இரண்டையும் உருக்கி, உருளையால் அழுத்தி ஒன்றாக்குகிறார்கள். சரியாகச் செய்தால் இணைப்பு வேறு, விரிப்பு வேறு என்று பிரித்தறிய முடியாது. பி.வி.சி.யின் பெரும் பலம் இதுவே. இதைச் சோதிப்பதற்குப் பெரிய படிப்புத் தேவையில்லை. ஆறிய பிறகு முனை மழுங்கிய திருப்புளியை இணைப்பின் ஓரமாக இழுத்துச் செல்லுங்கள். எங்காவது உள்ளே நுழைந்தால் அங்கே ஒட்டவில்லை. ஒவ்வொரு நாள் காலையிலும் வேலை தொடங்குமுன் இரண்டு துண்டுகளை ஒட்டிப் பிய்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். விரிப்பு கிழியலாம்; இணைப்பு விடக் கூடாது. கடைசியில் குழாய்களை அடைத்துத் தண்ணீர் கட்டி 24 அல்லது 48 மணி நேரம் பார்ப்பது வழக்கம். 50 மில்லிமீட்டர் ஆழத் தண்ணீர் சதுர மீட்டருக்கு 50 கிலோ எடை என்பதால், பழைய கட்டடத்தில் பொறியாளரைக் கேட்காமல் இதைச் செய்ய வேண்டாம்.

பரந்த நடுப்பகுதி ஒழுகுவது அபூர்வம். ஒழுகுவது சுவரோரமும் குழாய் வாயும் மூலையும்தான். அத்துடன் பிறகு ஏறி வருகிறவர்கள் இருக்கிறார்களே! குளிர்சாதனப் பெட்டி மாட்டுபவர் நான்கு ஓட்டை, ஆஸ்ட்ரோ தட்டு மாட்டுபவர் நான்கு ஓட்டை போட்டுவிட்டுப் போவார்கள். இனி செயலவையின் எழுத்து அனுமதியின்றி யாரும் கூரையில் துளையிடக் கூடாது என்ற நிபந்தனை வாடகை ஒப்பந்தத்தில் சேர்க்கப்பட வேண்டும். பறவை எச்சத்தில் வரும் அரச விதையும் அப்படித்தான். சுவர் வெடிப்பில் முளைத்தால் பிடுங்க நம்மவர்க்கு மனம் வருவதில்லை. கன்றாக இருக்கும்போதே பக்குவமாக எடுத்து வேறிடத்தில் நட்டுவிடலாம்.

மூலைக் கடை உணவகமாக இருப்பதால் அதன் புகைபோக்கியிலிருந்து எண்ணெய்ப் பிசுக்கு கூரையில் படிகிறது. ரப்பர் வகை விரிப்புகளைவிட பி.வி.சி. இதைத் தாங்கும், ஆனாலும் பிசுக்கை அவ்வப்போது கழுவ வேண்டும். குளோரின் பெருமளவு கலந்திருப்பதால் பி.வி.சி. எளிதில் பற்றி எரியாது. எரிந்தாலோ அதன் புகை நஞ்சு. தீபாவளி வாணம் ஒன்று எரிந்தபடி விழுந்தாலும் ஓட்டை விழும். வெள்ளை நிறம் வெயிலைத் திருப்பி அனுப்பி மேல்மாடியின் வெக்கையைக் குறைக்கும் என்பது உண்மை. நம் ஈரக்காற்றில் பாசி படிந்து கறுத்துவிட்டால் அந்தப் பயன் குறையும் என்பதும் உண்மை.

பத்தாண்டு உத்தரவாதம், பதினைந்தாண்டு உத்தரவாதம் என்று தாள்களில் அச்சிட்டிருக்கிறார்கள். அது விரிப்புக்கா, வேலைக்கா என்று கேளுங்கள். விரிப்புக்கு மட்டும் என்றால், இணைப்பு பிரிந்து ஒழுகும்போது தயாரிப்பாளர் கைவிரித்துவிடுவார். தேங்கிய தண்ணீரால் வரும் சேதம் அடங்காது என்று சிறிய எழுத்தில் இருக்கும். குத்தகையாளர், 1994-ஆம் ஆண்டின் 520-ஆவது சட்டப்படி கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியத்தில் பதிவு பெற்றவரா என்று பார்க்க வேண்டும். விரிப்புத் தயாரிப்பாளரிடம் பயிற்சி பெற்றவர்தான் சூட்டுக் கருவியைப் பிடிக்க வேண்டும். குறைந்தது ஐந்து ஆண்டு பழைய வேலை ஒன்றையாவது அவர் நமக்குக் காட்ட வேண்டும். நேற்று முடித்த கூரை எல்லாமே அழகாகத்தான் இருக்கும்.

ஐரோப்பாவில் இருபது ஆண்டுகளைத் தாண்டி உழைத்த பி.வி.சி. கூரைகள் உண்டு. நம் வெயிலில் அவ்வளவு என்று வாக்குக் கொடுக்க நான் தயாராக இல்லை. ஒரு கும்பாபிஷேகத்திலிருந்து அடுத்த கும்பாபிஷேகம் வரை, அதாவது பன்னிரண்டு ஆண்டுகள், பழுதில்லாமல் நின்றாலே ஆண்டுதோறும் சாயம் பூசும் செலவோடு ஒப்பிடுகையில் அறக்கட்டளைக்கு ஆதாயம் என்று பொருளாளரும் நானும் கணக்குப் போட்டிருக்கிறோம்.

ஈரச் சிமெண்டின் மேல் வேலை கூடாது என்பதால் பங்குனி உத்திரம் முடிந்து தொடங்கி, தீபாவளிக்கு முன் முடித்தாக வேண்டும். மூன்று மதிப்பீடுகளும் வெட்டிய மாதிரித் துண்டுகளும் ஆலய அலுவலகத்தில் வைக்கப்பட்டுள்ளன. வெள்ளிக்கிழமை மாலைப் பூஜைக்குப் பின் அங்கே இருப்பேன். ஐயம் உள்ள அன்பர்கள் வந்து துண்டைக் கையில் எடுத்து, வளைத்து, நூலை எண்ணிப் பார்க்கலாம்.