அமிலம் மேலேறும் நேரம்

விருந்துச் சாப்பாட்டுக்குப் பிறகு வரும் புளியேப்பம் நோயல்ல. இரைப்பையின் அமிலம் உணவுக்குழாய்க்குள் சற்றே ஏறி இறங்குவது எல்லாருக்கும் தினமும் நடப்பதுதான். பெரும்பாலும் நமக்குத் தெரிவதுகூட இல்லை. அப்படியென்றால் எவ்வளவு ஏறினால் நோய்?

இதற்கு எண்ணில் விடை சொல்ல முனைந்தவர்கள் அமெரிக்காவின் லாரன்ஸ் ஜான்சனும், அறுவை மருத்துவர் டாம் டிமீஸ்டரும். 1974இல் வெளியான அவர்களது ஆய்வில், எந்தத் தொந்தரவும் இல்லாதவர்களின் மூக்கு வழியே அமில உணரி பொருத்திய மெல்லிய குழாயைச் செலுத்தினார்கள். உணவுக்குழாயின் அடியில் உள்ள சுருக்குத்தசைக்கு 5 செ.மீ. மேலே உணரியை நிறுத்தி, 24 மணி நேரம் பதிவு செய்தார்கள். நோயை அளக்க, முதலில் நலத்தை அளந்தார்கள். இந்தத் துறையில் எனக்கு மிகப் பிடித்த முடிவு இதுதான்.

அமிலத்தன்மை கூடக் கூடக் குறையும் பிஎச் அளவு 4க்குக் கீழே இறங்கினால் அமிலம் ஏறியதாகக் கணக்கு. மொத்தம் எவ்வளவு நேரம், நிமிர்ந்திருக்கும்போது எவ்வளவு, படுத்திருக்கும்போது எவ்வளவு, எத்தனை முறை, 5 நிமிடத்துக்கு மேல் நீடித்தவை எத்தனை, அவற்றுள் மிக நீண்டது எது என்று ஆறு அளவுகளைச் சேர்த்து ஒரே மதிப்பெண் ஆக்கினார்கள். 14.72ஐத் தாண்டினால் இயல்புக்கு மீறியது. நேரக் கணக்கில் பார்த்தால், நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் வரை உடம்பு பொறுத்துக்கொள்கிறது.

படுக்கை நேரத்தைத் தனியே கணக்கிட்டதற்கு வலுவான காரணம் உண்டு. பகலில் ஏறிய அமிலத்தைப் புவியீர்ப்பு கீழே இழுக்கிறது. விழுங்கும் உமிழ்நீர் மிச்சத்தைச் சமன் செய்கிறது. தூக்கத்தில் உமிழ்நீர் சுரப்பதும் குறைவு, விழுங்குவதும் அரிது. அதனால் இரவில் ஏறிய அமிலம் அங்கேயே தங்கிச் சுவரை அரிக்கிறது.

அமிலத்தைத் தடுக்கும் அறுவை முறை இந்த 1974 ஆய்வுக்கு முன்பே இருந்தது. ஹிட்லர் ஆட்சிக்கு வந்த 1933இல் ஜெர்மனியை விட்டு வெளியேறிய யூத மருத்துவர் ருடால்ஃப் நிஸ்ஸன், இஸ்தான்புல்லில் பணியாற்றியபோது ஓர் இளைஞருக்கு உணவுக்குழாயின் அடிப்பகுதியை வெட்டியெடுத்து, மிச்சத்தை இரைப்பையோடு இணைத்தார். தையல் பிரிந்துவிடாதிருக்க, இரைப்பையின் மடிப்பை அதைச் சுற்றிப் போர்த்தினார். பல ஆண்டுகள் கழித்து விசாரித்தபோது, அந்த இளைஞருக்கு நெஞ்செரிச்சலே இல்லை என்று தெரிந்தது. தையலைக் காக்கச் செய்த ஏற்பாடு அமிலத்தையும் தடுத்திருந்தது! சுவிட்சர்லாந்தின் பாசெலில் இருந்த காலத்தில், 1956இல், இதைத் தனி அறுவை முறையாகவே வெளியிட்டார்.

இந்த முறையில் இரைப்பையின் மேற்பகுதியை, கழுத்தைச் சுற்றிப் போட்ட துண்டுபோல, உணவுக்குழாயின் அடியில் சுற்றித் தைக்கிறார்கள். இரைப்பைக்குள் அழுத்தம் கூடும்போது சுற்றிய பகுதிக்குள்ளும் அது கூடுகிறது. அமிலத்தை மேலே தள்ளும் அதே விசை வழியையும் இறுக்கி மூடுகிறது. வெளிப்பொருள் எதுவும் வேண்டாம், இரைப்பையே தனக்குக் கதவாகிறது. எத்தனை முறை யோசித்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

ஆனால் அந்தக் கதவு திறக்கவும் வேண்டுமே. உணவு இறங்க வேண்டும், ஏப்பம் வெளியேற வேண்டும். இறுக்கிச் சுற்றினால் சோறு நெஞ்சில் அடைக்கும், வயிறு காற்றால் உப்பும். டிமீஸ்டரும் உடன் பணியாற்றியவர்களும் அடுத்தடுத்து 100 பேருக்குச் செய்த அறுவைகளை ஆராய்ந்து 1986இல் எழுதிய கட்டுரை இதைத்தான் அலசுகிறது. சுற்றின் நீளத்தை 4 செ.மீ.யிலிருந்து 1 செ.மீ. ஆகக் குறைத்தார்கள்; தைக்கும்போது உள்ளே வைக்கும் அளவுக்குழாயைப் பருமனாக்கி, சுற்றைத் தளர்த்தினார்கள். சுற்றின் நீளத்தைக் குறைத்ததால், விழுங்குவதில் நீடித்த சிரமம் 21 சதவீதத்திலிருந்து 3 சதவீதமாகக் குறைந்தது. மூன்று சென்டிமீட்டர் தசைக்கு இத்தனை வித்தியாசம்!

யாருக்கு இந்த அறுவை பலன் தரும் என்பதையும் டிமீஸ்டரின் குழுவினர் 1999இல் ஆராய்ந்தார்கள். மாத்திரைக்கு மசியாதவர்தான் கத்திக்குப் போக வேண்டும் என்றே நாம் நினைப்போம். அவர்கள் கண்டது வேறு. 24 மணி நேரப் பதிவில் மதிப்பெண் எல்லை மீறியவர்கள், நெஞ்செரிச்சல் போன்ற வழக்கமான அறிகுறி உள்ளவர்கள், அமிலத்தைக் குறைக்கும் மருந்தால் நன்றாகக் குணம் தெரிந்தவர்கள் ஆகியோருக்கே அறுவையும் சிறப்பாகப் பலித்தது. மாத்திரை கேட்கிறதென்றால் குற்றவாளி அமிலம்தான். கேட்கவே இல்லையென்றால், வேதனைக்கு வேறு காரணம் இருக்கிறதா என்று முதலில் தேட வேண்டும்.