தேய்ந்த செப்புக்காசுகளை இனங்காணல்

பொற்காசு பேழையுட் கிடந்து பெருமையடையும். பல கை மாறிய செப்புக்காசோ தேய்ந்து, கறுத்து, எழுத்திழந்து, ஈற்றிற் பழஞ்செம்பாக உருக்குவோன் உலைக்குச் செல்லும். ஆயினும், பொதுமக்கள் அன்றாடம் கொண்டும் கொடுத்தும் வாழ்ந்தமைக்குச் சான்று பகர்வது பொன்னினும் செம்பே. எழுத்தழிந்த காசு ஊமையன்று. அதனை வினவும் முறையே அறியற்பாலது.

முதலில் வினவத்தக்கது நிறை. குளோடியசு சக்கரவர்த்தி (கி.பி. 41–54) காலத்தில் உரோமன் ஒருவன் ஈழத்துக்கு வந்தபோது, அவன் வைத்திருந்த வெள்ளிக்காசுகள் வெவ்வேறு முகம் பொறித்தனவாயினும் ஒரே நிறையுடையனவாய் இருத்தலைக் கண்டு இந்நாட்டரசன் வியந்தான் எனப் பிளினி எழுதினார். முகத்தினும் நிறை மெய் கூறும் என்பதை அவ்வரசன் அறிந்திருந்தான் போலும். ஈழத்திற் கிடைக்கும் பிற்கால உரோமச் செப்புக்காசுகள் பெரும்பாலும் 1 முதல் 2.5 கிராம் வரை நிற்பன. பொலன்னறுவைக் காலத்துச் செப்புக்காசு ஏறக்குறைய 4 கிராம். ஒல்லாந்தக் கம்பெனியின் துட்டு ஏறக்குறைய 3 கிராம், அகன்று மெலிந்தது. தேய்வினால் நிறை குறையுமேயன்றிக் கூடாது. ஆதலின், களிம்பு நீங்கிய நிலையிலும் 4 கிராம் நிற்பதொன்றைப் பிற்கால உரோமச் சிறுகாசெனக் கொள்ளுதல் அரிது.

அடுத்து நோக்கத்தக்கது உருவின் புறக்கோடு. மேடான பகுதிகளே முதலில் தேயும். முகத்தின் கன்னமும் விளிம்பின் எழுத்தும் மறைந்தபின்னரும் உருவின் எல்லைக்கோடு எஞ்சும். காலை வெயில் சாய்வாக விழுமிடத்திற் காசை மெல்லத் திருப்பினால் அக்கோடு நிழலாய் எழும். பண்டைக் கிரேக்க நகரங்கள் தத்தமக்குரிய சின்னத்தைப் பொறித்தமை இதற்குப் பெருந்துணை. ஏதென்சுக்கு ஆந்தை, ரோட்சுக்கு ரோசாமலர். தமிழகத்துக் கரூரில் அமராவதி ஆற்றுப்படுகையிற் கிடைத்த கிரேக்கக் காசுகளை இரா. கிருஷ்ணமூர்த்தி ஆராய்ந்து, திரேசு, தெசலி, கிரீற்று முதலிய நாடுகளுக்குரியவற்றை இனங்கண்டார்.

கண்டிக்கு வடக்கேயுள்ள சீகிரியில் உரோமச் செப்புக்காசுகள் மிகுதியாகக் கிடைத்தன. இத்தகையவற்றின் முகப்புறத்திற் பெரும்பாலும் வலம் நோக்கிய ஒரே வகைத் தலையே காணப்படுதலின், மறுபுறமே வழிகாட்டும். கொடியின் இருமருங்கும் இரு வீரர் நிற்பின் கி.பி. 330–341, வீழ்ந்த குதிரைவீரனை ஒருவன் ஈட்டியாற் குத்தின் 348ஐ அடுத்த ஆண்டுகள், வெற்றித்தெய்வம் சிறைப்பட்டவனை இழுத்துச் செல்லின் 383க்குப் பின். ஓரெழுத்தும் எஞ்சாவிடினும் காலம் இவ்வாறு புலனாகும்.

ஈண்டு ஓர் எச்சரிக்கை வேண்டற்பாலது. எழுத்தில்லாக் காசெல்லாம் தேய்ந்த காசன்று. மாத்தறைக்கு அண்மையிலுள்ள நைமனையில் உரோமக் காசைப் பார்த்து இந்நாட்டிலேயே அடித்த போலிகள் கிடைத்தன. தேய்ந்த காசிற் கோடுகள் மழுங்கியிருக்கும். போலியிற் கோடுகள் தெளிவாயிருந்தும் பொருள் தரா.

நம்மவர் காசுகளிலும் இம்முறையே பயன்படும். முதலாம் இராசராச சோழன் (985–1014) வெளியிட்ட வகையைப் பின்பற்றிப் பராக்கிரமபாகு முதலிய பொலன்னறுவை அரசரும் முகப்புறத்தில் நிற்கும் மனிதவுருவைப் பொறித்தனர். யாழ்ப்பாண அரசரின் சேதுக் காசிலும் நிற்கும் உருவே உளது. மறுபுறத்தைத் திருப்பின் ஐயம் நீங்கும். அமர்ந்த மனிதவுருவும் நாகரி எழுத்தும் முன்னவற்றுக்குரியன. படுத்த இடபமும் அதன் கீழ்ச் ‘சேது’ என்னும் தமிழ் எழுத்தும் பின்னவற்றுக்குரியன. எழுத்து முற்றும் தேய்ந்தாலும் இடபத்தின் திமில் எஞ்சுவதுண்டு.

இனங்கண்டபின்னும் ஒரு வினா எஞ்சும்: காசு எவ்விடத்துக் கிடைத்தது? கண்டி மாவட்டத்து மெதவலைக் கல்வெட்டு (1359), தும்பறை, மாத்தளை முதலிய இடங்களில் வரி தண்ட மார்த்தாண்டப் பெருமாள் ஆட்களை நியமித்தமையைக் கூறும். அவரை யாழ்ப்பாண ஆரியச் சக்கரவர்த்தியென அறிஞர் கருதுவர். தும்பறை வயலொன்றில் இடபக்காசு ஒன்று வெளிப்பட்டு, கிடைத்த இடமும் ஆழமும் குறிக்கப்படின், அக்கல்வெட்டோடு ஒப்புநோக்கத்தக்க சான்றாகும். அதே காசு இடமறியாது கடைக்கு வரின் வெறும் செம்பே.

ஆதலின், கிடைத்த காசைக் குத்துவிளக்கைத் துலக்குவதுபோலப் புளியும் சாம்பலுமிட்டுத் தேய்த்தல் ஆகாது. எஞ்சிய நிழலுருவைக் காப்பது பெரும்பாலும் மேற்படிந்த களிம்பே. தனித்தாளிற் பொதிந்து, இடமும் நாளும் எழுதி, தொல்பொருட் டிணைக்களத்துக்கு அறிவித்தல் வேண்டும். 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட் சட்டமும் கண்டெடுத்ததை அறிவிக்குமாறு பணிக்கின்றது. கொட்றிங்ரன் 1924இல் வெளியிட்ட இலங்கை நாணய நூலும், தலதா மாளிகையை அடுத்துள்ள கண்டி நூதனசாலையும் மாணவர்க்குத் துணையாவன. நூற்றாண்டுகளின் தேய்வைத் தாங்கி வந்த காசு, ஒரு நாழிகைத் துலக்கலில் தன் முகத்தை இழத்தல் தகாது.