தோண்டிய மணலே கரையைக் காக்கும்!

விசாகப்பட்டினம் ராமகிருஷ்ணா கடற்கரைக்குப் போகிறவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். சில ஆண்டுகளில் மணல்வெளி அகலமாக இருக்கும். வேறு சில ஆண்டுகளில் அலை சாலையோரம் வரை வந்து மோதும். இதற்குக் கடலை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. மனிதன் கட்டிய கல் சுவருக்கும் இதில் பங்கு உண்டு.

மணலும் பயணம் போகிறது

தென்மேற்குப் பருவக்காற்றில் அலைகள் மணலை வடக்கே தள்ளுகின்றன. வடகிழக்குப் பருவக்காற்றில் தெற்கே தள்ளுகின்றன. கூட்டிக் கழித்துப் பார்த்தால், இந்தக் கிழக்குக் கரையில் வடக்கே போகும் மணலே அதிகம்.

விசாகப்பட்டினம் துறைமுகம் 1933இல் திறக்கப்பட்டது. பெரிய கப்பல்களுக்கான வெளித்துறைமுகம் 1976இல் வந்தது. அதன் அலைதடுப்புச் சுவர்கள் கப்பலைக் காத்தன. கூடவே மணலையும் மறித்தன. தெற்கே மணல் குவிந்தது. வடக்கே கரை மெலிந்தது. சென்னைத் துறைமுகத்துக்குத் தெற்கே மெரினா அகன்றதும், வடக்கே ராயபுரம் பக்கம் கடல் அரித்ததும் இதே கதைதான்.

ஒரே கல்லில் இரண்டு மாங்காய்

கப்பல் வழி தூர்ந்துவிடாமல் இருக்க, தெற்கே சேரும் மணலைத் தூர்வாரியே ஆகவேண்டும். அதை ஆழ்கடலில் கொட்டினால் கரைக்குத் திரும்பாது. வடக்குக் கரையில் சேர்த்தால் துறைமுகமும் பிழைக்கும், கரையும் பிழைக்கும். தூர்வாரும் கப்பல் மணலை உறிஞ்சி வயிற்றில் நிரப்பிக்கொண்டு வந்து, குழாய் வழியே கரையில் பாய்ச்சுகிறது.

ஆனால் எடுத்ததை எல்லாம் கொட்டிவிட முடியாது. உள்துறைமுகச் சேற்றில் எண்ணெயும் ஆலைக் கழிவும் கலந்திருக்கக்கூடும். சோதித்துப் பார்த்து, சுத்தமான மணலையே ஒதுக்க வேண்டும். மணல் மிக நைசாக இருந்தால் நாலு அலையில் கரைந்துவிடும். கரையிலுள்ள மணலைப் போலவோ, சற்றுப் பருமனாகவோ இருப்பது நல்லது. ஆமைகள் முட்டையிடும் மாதங்களையும், மீனவர் படகு ஏற்றும் இடங்களையும் முன்கூட்டியே கேட்டறிய வேண்டும்.

வருடா வருடம் கணக்கு

2014 அக்டோபர் 12இல் ஹூட்ஹுட் புயல் இந்நகரைத் தாக்கியது. அத்தகைய நாளில் அலையின் வேகத்தை முதலில் வாங்கிக்கொள்வது மணல்தான். மணல் இல்லாவிட்டால் அடி சாலைக்கும் குடிசைக்கும் விழும்.

ஒருமுறை கொட்டினால் போதும் என்று நினைப்பது தவறு. சுவர் நிற்கும் வரை மணல் மறிபடும். குடும்பச் செலவைப் போல இதற்கும் ஆண்டுதோறும் வரவு செலவு எழுத வேண்டும். எவ்வளவு சேர்ந்தது, எவ்வளவு போனது என்று அளந்து, அந்தக் கணக்கைக் கரையோர மக்களுக்கும் காட்ட வேண்டும். வடக்குக் கரைக்குச் சேரவேண்டிய மணல் அது. அதைத் திருப்பிக் கொடுப்பது தானம் அல்ல, கடன் தீர்ப்பது!