பேரேட்டில் ஏறாத பட்டினி

திருவள்ளூர் மாவட்டத்தில் வேலையற்றோர் எத்தனை பேர்? மணவாள நகரில் எத்தனை, கும்மிடிப்பூண்டியில் எத்தனை, பள்ளிப்பட்டில் எத்தனை?

ஆலை முதலாளியைக் கேட்டால், "வேலை இருக்கிறது, ஆள்தான் கிடைக்கவில்லை" என்பார். புள்ளிவிவரத் துறையைக் கேட்டால், 2023-24-ஆம் ஆண்டில் நாடு முழுவதற்கும் நூற்றுக்கு 3.2 பேர் என்று அச்சடித்த ஏட்டைக் காட்டும். படித்து முடித்த மகனை வீட்டில் வைத்துக்கொண்டிருக்கும் தாயைக் கேட்டால், "எங்கள் தெருவிலேயே பத்துப் பேர்" என்பார். மூன்று விடைகள்! இவற்றில் எது உண்மை?

இன்னொரு விடையும் உண்டு. அதுதான் அபாயகரமானது. "வேலையில்லாதோர் உதவித்தொகை வாங்குவோர் தொகை சொற்பம்தானே! வேலையில்லாத் திண்டாட்டம் அவ்வளவு கொடுமையாக இருந்தால் எல்லோரும் வந்து வாங்கியிருக்க மாட்டார்களா?" என்று கேட்கிறார்கள் சிலர். கேட்பதற்கு நியாயம் போலத் தோன்றும் இந்தக் கேள்வியைத் தொழிலாளத் தோழர்கள் உரைத்துப் பார்க்க வேண்டும்.

எண்ணுகிற நாடும் எண்ணாத நாடும்

இங்கிலாந்தில் 1911-ஆம் ஆண்டிலேயே தேசிய இன்ஷூரன்ஸ் சட்டம் வந்தது. கட்டடம், கப்பல் கட்டுதல், எஞ்சினீயரிங் முதலான சில தொழில்களில் வேலையிழந்தவனுக்கு வாரம் 7 ஷில்லிங், ஆண்டுக்கு 15 வாரம் வரை கிடைத்தது. பிச்சைக்காசுதான். ஆனால் அந்தப் பிச்சைக்காசு ஒரு பெரிய காரியத்தைச் செய்தது. வாங்க வந்தவனைப் பதிவு செய்தது! எந்த ஊரில் எத்தனை பேர் வேலையின்றி நிற்கிறார்கள் என்பது சர்க்காரின் பேரேட்டிலேயே ஏறிற்று.

அதனால்தான் 1936-இல் ஜாரோ என்ற சிற்றூர் உலகத்தின் கண்ணில் பட்டது. ஊருக்குச் சோறு போட்ட கப்பல் தளம் மூடப்பட்டது. ஊரே வேலையற்றுப் போயிற்று. 200 தொழிலாளர்கள் ஏறத்தாழ 300 மைல் நடந்து இலண்டன் சென்று முறையிட்டார்கள். "எங்கள் ஊரில் இத்தனை பேருக்கு வேலையில்லை" என்று அவர்கள் சொன்னபோது, அந்தக் கணக்கை மறுக்க மந்திரிகளால் முடியவில்லை. இன்றும் அந்த நாட்டில் உதவி கோருவோர் தொகை மாவட்டம் மாவட்டமாக மாதந்தோறும் வெளியிடப்படுகிறது.

நம்மிடம் அப்படி ஒரு கணக்கு உண்டா? 2017 முதல் மத்திய சர்க்கார் நடத்திவரும் தொழிலாளர் ஆய்வு, மாவட்டத்திற்கு மாவட்டம் விகிதம் சொல்லும்படி வகுக்கப்படவே இல்லை. 2025 ஜனவரியில் மாதிரி எடுக்கும் முறையை மாற்றியபோதுதான் மாவட்டத்தை அடிப்படையாகக் கொண்டார்கள். மேலே சொன்ன 3.2-இன் சூட்சுமத்தையும் பாருங்கள். ஆண்டில் பெரும்பகுதி வேலை தேடியவனாக இருந்தாலும், இடையிலே 30 நாள் ஏதாவது வேலை பார்த்திருந்தால், அந்தக் கணக்கில் அவன் வேலையுள்ளவன்! மீதி 335 நாள் அவன் வயிறு என்ன ஆயிற்று என்பது கணக்கில் வராது.

ஐந்தாண்டு காத்திரு, மூன்றாண்டு வாங்கு

இனி உதவித்தொகைக்கு வருவோம். தமிழ்நாட்டில் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து காத்திருக்கும் இளைஞர்க்கு மாத உதவி தரும் திட்டம் 2006-இல் தொடங்கப்பட்டது. பாராட்ட வேண்டிய முயற்சி. பிற மாநிலங்கள் பல எண்ணிப் பார்க்காத காலத்தில் எழுந்த எண்ணம். ஆனால் அதன் வாசல் எவ்வளவு அகலம் என்று பார்க்க வேண்டாமா?

பத்தாம் வகுப்புத் தவறியவர்க்கு மாதம் 200 ரூபாய், தேறியவர்க்கு 300, பன்னிரண்டாம் வகுப்புத் தேறியவர்க்கு 400, பட்டதாரிக்கு 600. பல ஆண்டுகளாக இருந்துவரும் விகிதம் இது. மூன்று மாதத்திற்கு ஒருமுறை பணம் வரும். மூன்று ஆண்டுகளோடு நின்றுவிடும்.

நாமே கணக்குப் போடுவோம். பத்தாம் வகுப்புத் தேறியவனுக்கு நாளொன்றுக்கு 10 ரூபாய். மூன்று ஆண்டிற்கும் சேர்த்து 10,800. பட்டதாரிக்கு நாளொன்றுக்கு 20. மூன்றாண்டில் 21,600. அதோடு தீர்ந்தது.

இந்தத் தொகையைப் பெறவும் நான்கு பூட்டுகளைத் திறக்க வேண்டும்.

முதல் பூட்டு, காத்திருப்பு. பதிவு செய்து ஐந்து ஆண்டு முடிந்திருக்க வேண்டும். பதினெட்டு வயதில் பதிந்தவன் இருபத்து மூன்று வயதில்தான் மனுப் போடலாம். பசிக்கு ஐந்தாண்டுத் தவணை! மூன்றாண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்கவும் வேண்டும். தவறினால் தொடர்ச்சி அறுந்துவிடும்.

இரண்டாவது பூட்டு, குடும்ப வருமானம். ஆண்டுக்கு 72,000-க்கு மேல் போகக்கூடாது. அதாவது மாதம் 6,000. உருக்காலையில் அனலில் வேகும் தகப்பன் மாதம் ஏழாயிரம் கொண்டுவந்தால் அந்த வீடு வசதியான வீடாகிவிடுகிறது. மகன் உதவிக்குத் தகுதியற்றவனாகிறான். இங்கிலாந்தில் 1931-இல் இதே வகைக் குடும்ப வருமானச் சோதனை கொண்டுவந்தார்கள். தகப்பன் கூலியைக் காட்டி மகனுக்கும், மகன் கூலியைக் காட்டித் தகப்பனுக்கும் உதவியை வெட்டினார்கள். அந்நாட்டுப் பாட்டாளி மக்கள் தலைமுறை கடந்தும் மறக்காத வடு அது.

மூன்றாவது பூட்டு, வயது. பொதுவாக 40, தாழ்த்தப்பட்டோர்க்கும் பழங்குடியினர்க்கும் 45. நாற்பதைத் தாண்டிய பின் வேலை போனவனுக்கு இங்கே இடமில்லை.

நான்காவது பூட்டு, படிப்பு. எஞ்சினீயரிங் போன்ற தொழிற்படிப்புப் பட்டம் பெற்றவர்க்குத் திட்டத்தில் இடமில்லை. திருவள்ளூர் வட்டாரத்தில் தெருவுக்குத் தெரு எஞ்சினீயரிங் பட்டதாரி இருக்கிறான். அவன் வேலையற்றோர் கணக்கில் உண்டு. உதவிக் கணக்கில் இல்லை.

மாற்றுத்திறனாளிகளுக்கு இந்த வாசலை அகலப்படுத்தியிருக்கிறார்கள். ஓராண்டுக் காத்திருப்புப் போதும். தொகையும் 600, 750, 1,000 என்று கூடுதல். பத்தாண்டு வரை கிடைக்கும். மனம் வைத்தால் வாசலை அகலமாக்க முடியும் என்பதற்கு அதுவே சாட்சி.

வாசல் இவ்வளவு குறுகல் என்றால் உள்ளே நுழைந்தவர் தொகை குறைவாகத்தானே இருக்கும்? தமிழ்நாட்டில் வேலைவாய்ப்பு அலுவலகங்களில் பதிந்தோர் தொகை 2022-இல் எழுபது இலட்சத்தைத் தாண்டியிருந்தது. பதிந்தோர் அனைவரும் வேலையற்றோர் அல்லர் என்பதும் உண்மைதான். ஆயினும் அந்தக் கடலுக்கும் உதவி பெறுவோர் என்ற குட்டைக்கும் நடுவே நிற்பது வளமல்ல, விதிகள்!

வேலை போனவனுக்கு என்ன வழி?

முதல் வேலையே கிடைக்காதவன் கதை இது. கிடைத்த வேலை போனவன் கதை வேறு.

ஸ்ரீபெரும்புதூரில் 2006-இல் திறக்கப்பட்ட நோக்கியா ஆலை 2014 நவம்பர் 1-இல் நின்றது. ஒரு காலத்தில் ஏறத்தாழ எட்டாயிரம் பேர் நேரடியாக வேலை பார்த்த ஆலை. இருபதும் இருபத்தைந்தும் வயதுள்ள ஆண்களும் பெண்களும் "விருப்ப ஓய்வு" என்ற தாளில் கையெழுத்திட்டார்கள். விருப்பமாம், ஓய்வாம்! உழைக்கத் தொடங்கிய வயதில் யாருக்கு ஓய்வில் விருப்பம்?

அந்தச் சொல்லுக்குள்ளே ஒரு சூழ்ச்சி இருக்கிறது. ஆலை மூடினாலோ, ஆட்குறைப்புச் செய்தாலோ, இ.எஸ்.ஐ. தொழிலாளிக்கு வேலையின்மைப் படி தரும் திட்டம் 2005 ஏப்ரலில் வந்தது. ஆனால் விருப்ப ஓய்வு பெற்றவனுக்கு அந்தப் படி கிடையாது. 2018-இல் இன்னொரு திட்டம் வந்தது. பழைய கூலியில் நாலிலொரு பங்கு, 90 நாள் வரை, வாழ்நாளில் ஒரே ஒருமுறை. கொரோனாக் காலத்தில், 2020-இல், அதைப் பாதிக் கூலியாக உயர்த்தினார்கள். ஆனால் சந்தா ஒழுங்காகக் கட்டப்பட்டிருந்தால்தான் உரிமை உண்டு. ஒப்பந்தக்காரன் ஆறு மாதத்திற்கு ஒரு பெயரில் ஆளெடுத்து, சந்தாவை விட்டு விட்டுக் கட்டினால், கேட்க வந்த அன்று நாள் போதவில்லை என்ற பதில்தான் வரும்.

சட்டப் பாதுகாப்பும் சுருங்கிவிட்டது. 300 பேருக்கு மேற்பட்ட ஆலையை மூடுமுன் சர்க்காரிடம் அனுமதி பெறவேண்டும் என்று 1976-இல் விதித்தார்கள். அந்த எண்ணிக்கையை 1982-ஆம் ஆண்டுத் திருத்தம் 100 ஆக இறக்கியது. அது தொழிலாளி ஏறிய படி. 2020-இல் நிறைவேறி 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுச் சட்டத் தொகுப்பு மீண்டும் 300 ஆக்கிவிட்டது. ஆட்குறைப்புக்கு ஆளானவனுக்குப் பதினைந்து நாள் கூலியைப் புதுத்தொழில் கற்கும் நிதியாக முதலாளி செலுத்தவேண்டும் என்று அதில் இருக்கிறது, நல்லது. ஆனால் கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் உருக்கு உலைகளையும் உருட்டாலைகளையும் எண்ணிப் பாருங்கள். முந்நூறுக்குக் குறைந்த ஆட்களை வைத்து ஓடுபவை எத்தனை!

ஒரே மாவட்டம், பல முகம்

1997-இல் பிறந்த திருவள்ளூர் மாவட்டத்தில் 2011 கணக்குப்படி 37 இலட்சத்து 28 ஆயிரம் மக்கள். ஆவடியில் டாங்கித் தொழிற்சாலை. நிரந்தர வேலை, நிச்சயமான சம்பளம். மணவாள நகரை அடுத்து மோட்டாரும் மண்வாரி எந்திரங்களும் செய்யும் ஆலைகள். உள்ளே நிரந்தரத் தொழிலாளி ஒருவன், பக்கத்திலேயே அதே வேலைக்கு ஒப்பந்தக் கூலி ஒருவன். வடக்கே கும்மிடிப்பூண்டியில் அனல் வேலை. மேற்கே பள்ளிப்பட்டிலும் பொதட்டூர்ப்பேட்டையிலும் தறி நின்றால் அடுப்பும் நிற்கும். ஊர்ப்புறத்துச் செங்கல் சூளையிலே இருளர் குடும்பம், எந்தப் பேரேட்டிலும் இல்லாமல், முன்பணத்துக்குக் கட்டுப்பட்டுக் கிடக்கிறது. இத்தனை முகங்களையும் கூட்டி ஒரே சராசரி போட்டால், ஆவடியின் சம்பளம் பள்ளிப்பட்டின் பட்டினியை மறைத்துவிடாதா?

பழவேற்காட்டுப் பக்கம் திரும்புங்கள். மீன்பிடித் தடைக்காலத்திற்காகக் கடலோர மீனவக் குடும்பத்திற்குச் சர்க்கார் நிவாரணம் தருகிறது. 5,000 ரூபாயாக இருந்ததை 8,000 ஆக்குவதாக 2023-இல் அறிவித்தார்கள். "உன் குற்றமில்லாமல் உனக்கு வேலையில்லை, ஆகவே பொதுப்பணத்திலிருந்து பெற்றுக்கொள்" என்பதே அதன் தத்துவம். அந்தத் தத்துவம் தறிக்காரனுக்குப் பொருந்தாதா? மழைக்காலத்தில் சூளை அணைந்த கூலிக்குப் பொருந்தாதா?

கோபம் யார் மீது?

"வடநாட்டான் வந்து நம் வேலையைப் பறித்தான்" என்ற பேச்சு கும்மிடிப்பூண்டித் தேநீர்க் கடைகளில் நடமாடுகிறது. தோழர்கள் நிதானிக்க வேண்டும். பீகாரிலிருந்தும் ஒரிசாவிலிருந்தும் வந்தவன் பறித்துக்கொள்ள வரவில்லை. அவன் ஊரில் அவனும் பேரேட்டில் ஏறாத பட்டினிதான். முதலாளி அவனை விரும்புவது அவன் மொழிக்காகவா, முகத்துக்காகவா? சங்கம் கேட்கமாட்டான், சந்தா கேட்கமாட்டான், பன்னிரண்டு மணி நேரம் நிற்பான் என்பதற்காக! அவனுக்கும் இ.எஸ்.ஐ., அவனுக்கும் குறைந்தபட்சக் கூலி, அவனுக்கும் சங்கம் என்று ஆக்கிவிட்டால், மலிவுக் கூலி என்ற ஆயுதம் முதலாளி கையிலிருந்து நழுவிவிடும். உள்ளூராருக்கு நூற்றுக்கு 75 என்று அரியானா சட்டம் செய்தது. 2023 நவம்பரில் உயர்நீதிமன்றம் அதைச் செல்லாதென்று தள்ளிவிட்டது. உள்ளூர் மண்ணையும் தண்ணீரையும் எடுத்துக்கொள்ளும் ஆலையிடம் உள்ளூராருக்கு வேலை கேட்பது நியாயமே. ஆனால் பக்கத்தில் நிற்கும் ஏழையை அடித்துத் துரத்தி அந்த நியாயத்தைப் பெற முடியாது.

செய்ய வேண்டியது என்ன?

வேலை செய்யும் உரிமையையும், வேலையின்மைக் காலத்தில் பொது உதவி பெறும் உரிமையையும் அரசியல் சட்டத்தின் 41-ஆவது பிரிவு பேசுகிறது. "பொருளாதார வசதிக்கு உட்பட்டு" என்ற வாலோடுதான் பேசுகிறது. எவன் பொருளாதாரம், எவன் வசதி என்று கேட்பது மக்கள் கடமை.

கோரிக்கைகள் தெளிவாக இருக்கட்டும். ஐந்தாண்டுக் காத்திருப்பை ஓராண்டாக்க வேண்டும். மாதம் 6,000 என்ற வருமான வரம்பைக் குறைந்தபட்சக் கூலியோடு இணைத்து உயர்த்த வேண்டும். உதவி கேட்டவர், பெற்றவர், மறுக்கப்பட்டவர், மறுப்புக்குக் காரணம் என்ற நான்கு கணக்குகளையும் வட்டம் வட்டமாக ஆண்டுதோறும் வெளியிட வேண்டும்.

கோரிக்கை நிறைவேறும்வரை கைகட்டி இருக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு கிளையும் படிப்பகத்தில் ஒரு நோட்டுப் புத்தகம் போடட்டும். தெருவாரியாக வேலையற்றோர் பெயர், படிப்பு, பதிவு எண், புதுப்பிக்க வேண்டிய தேதி எல்லாம் எழுதட்டும். தேதி தவறவிடாமல் புதுப்பித்துக் கொடுக்கட்டும். ஐந்தாண்டு முடிந்தவனுக்கு மனு எழுதிக் கொடுக்கட்டும். ஒப்பந்தத் தொழிலாளி ஒவ்வொருவரும் தம் இ.எஸ்.ஐ. எண்ணில் சந்தா ஏறியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லட்டும். விருப்ப ஓய்வுத் தாளைச் சங்கத்திடம் காட்டாமல் கையெழுத்திடக்கூடாது என்று ஆலை வாசலில் சொல்லட்டும்.

மாவட்ட ஆட்சியரிடம் கொடுக்கும் மனுவோடு அந்த நோட்டுப் புத்தகத்தையும் வையுங்கள். வேலையில்லாத் திண்டாட்டம் என்று வெறும் வாயால் முழங்கினால் கேட்டுவிட்டு மறந்துவிடுவார்கள். இன்ன தெரு, இன்ன பெயர், இத்தனை ஆண்டு, இன்ன விதியால் மறுக்கப்பட்டவர் என்று எழுதிக் கொண்டுபோய் வைத்தால், பதில் சொல்லியே ஆகவேண்டும்.