அமெரிக்கா போனால் சுட்டுவிடுவார்களா? பயம் சொல்வதும் கணக்கு சொல்வதும்

"அங்கே போனால் சுட்டுவிடுவார்கள். இங்கேயே படிக்கட்டும்."

பிள்ளைக்கு அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்த செய்தி வந்ததும், பல வீடுகளில் பாட்டியிடமிருந்து வரும் முதல் சொல் இதுதான். மகளின் பிரசவத்துக்காக அங்கே போகத் தயாராகும் பெற்றோருக்கும் இதே எச்சரிக்கை. கடப்பிதழ் கைக்கு வருவதற்குள் குடும்பப் புலனக் குழுவில் நான்கு துப்பாக்கிச் சூட்டுக் காணொளிகள் வந்து விழுந்துவிடும்.

பாட்டி சொல்வதைச் சிரித்து ஒதுக்கவும் முடியாது, அப்படியே ஏற்கவும் முடியாது. பயத்துக்குக் காரணம் உண்டு. ஆனால் ஆபத்து இருக்கும் இடம் வேறு, பயம் காட்டும் இடம் வேறு.

பயம் எங்கிருந்து வருகிறது?

மலேசியாவில் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருப்பதே குற்றம். துப்பாக்கியால் சுட்டுக் குற்றம் புரிந்தால் மரண தண்டனை வரை விதிக்க 1971ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தருகிறது. சிங்கப்பூரிலும் சட்டம் கடுமைதான். அதனால் நம்மவர்களில் பெரும்பாலோர் துப்பாக்கியைப் பார்ப்பது வங்கி, நகைக்கடை வாசலில் நிற்கும் பாதுகாவலர் கையில் மட்டுமே.

அமெரிக்காவில் நிலைமை நேர்மாறு. ஆயுதம் வைத்திருக்கும் உரிமை 1791 முதல் அரசமைப்பிலேயே இருக்கிறது. பொதுமக்களிடம் 39 கோடிக்கும் அதிகமான துப்பாக்கிகள் இருப்பதாக 2017ஆம் ஆண்டு நிலவரத்தை வைத்து ஸ்மால் ஆர்ம்ஸ் சர்வே ஆய்வு நிறுவனம் மதிப்பிட்டது. இது அந்நாட்டு மக்கள்தொகையைவிட அதிகம். பாதிக்கும் மேற்பட்ட மாநிலங்களில் தனி அனுமதி இல்லாமலேயே கைத்துப்பாக்கியை உடன் எடுத்துச் செல்லலாம்.

2017ல் லாஸ் வேகஸ் இசை நிகழ்ச்சியில் நடந்த தாக்குதல் 60 உயிர்களைப் பறித்தது. 2022ல் டெக்சஸ் மாநிலத்தின் யுவால்டி பள்ளியில் 19 பிள்ளைகளும் 2 ஆசிரியைகளும் கொல்லப்பட்டனர். 2012ல் ஓக் கிரீக் சீக்கியர் கோயிலில் வழிபட வந்தவர்கள் சுடப்பட்டனர். 2023ல் டெக்சஸின் ஆலன் நகரப் பேரங்காடியில் கொல்லப்பட்ட 8 பேரில் இந்தியாவிலிருந்து வேலைக்குச் சென்ற ஓர் இளம் பொறியியலாளரும் இருந்தார். இவற்றைக் கேட்ட பாட்டிக்கு பயம் வராமல் இருந்தால்தான் வியப்பு.

மாண்டவர்கள் யார்?

2023ல் அமெரிக்காவில் துப்பாக்கியால் மாண்டவர்கள் 46,728 பேர். புலனத்தில் சுற்றும் எண் இதோடு நின்றுவிடும். அதைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

அவர்களில் சுமார் 27,300 பேர், அதாவது பாதிக்கும் மேற்பட்டோர், தற்கொலை செய்துகொண்டவர்கள். கொலையுண்டவர்கள் 17,927 பேர். பொது இடத்தில் ஒருவர் கண்மூடித்தனமாகச் சுட்ட சம்பவங்களை எஃப்பிஐ தனியாகக் கணக்கெடுக்கிறது. அவ்வாண்டு அப்படிப்பட்ட 48 சம்பவங்களில் 105 பேர் மாண்டனர். உலகத் தொலைக்காட்சிகளை நாள்கணக்கில் நிரப்பும் சம்பவங்கள் பெரும்பாலும் இந்த வகைதான். மொத்தக் கொலைகளில் அவை நூற்றில் ஒன்றைக்கூட எட்டவில்லை.

மற்றக் கொலைகளில் பெரும்பகுதி குடும்பத் தகராறு, அறிமுகமானவர்களுக்குள் வாக்குவாதம், குண்டர் கும்பல் மோதல், கொள்ளை போன்றவற்றில் நடப்பவை. ஒரே நகரத்திலும் குறிப்பிட்ட சில தெருக்களில்தான் அவை குவிந்திருக்கும். மாநிலத்துக்கு மாநிலமும் வேறுபாடு பெரிது. மிசிசிப்பியில் ஒரு லட்சம் பேரில் ஆண்டுக்குச் சுமார் 30 பேர் துப்பாக்கியால் மாள்கின்றனர். மாசசூசெட்ஸில் அந்த எண் 4க்கும் குறைவு.

பாலேக் கம்போங் கணக்கு

அமெரிக்க மக்கள்தொகை ஏறத்தாழ 33 கோடியே 50 லட்சம். அந்நாட்டவர் எல்லோருக்கும் ஆபத்து ஒரே அளவு என்று வைத்துக்கொண்டாலும், இரண்டு வாரம் தங்கும் ஒருவர் துப்பாக்கியால் கொலையுண்ணும் வாய்ப்பு சுமார் 5 லட்சத்தில் ஒன்று. கும்பல் மோதலிலும் உள்ளூர்ப் பகையிலும் சம்பந்தப்படாத சுற்றுப்பயணிக்கு அது இன்னும் குறைவாகவே இருக்கும்.

இதே முறையில் மலேசியச் சாலைகளைக் கணக்கிடலாம். 2023ல் இங்கே சாலை விபத்துகளில் மாண்டவர்கள் 6,400க்கும் அதிகம். இரண்டு வாரத்துக்கு அது சுமார் 1 லட்சத்து 35 ஆயிரத்தில் ஒன்று. முன்னதைவிட மூன்று மடங்குக்கும் மேல். ஆனாலும் தீபாவளிக்கு மோட்டார் சைக்கிளில் ஊர் திரும்பும் பேரனைப் பாட்டி தடுப்பதில்லை. "பார்த்து வா" என்பதோடு சரி. பழகிய ஆபத்து சிறிதாகத் தெரிகிறது. பழகாத ஆபத்தோ பேயாகத் தெரிகிறது.

இதே கண்ணாடியில் நம்மைப் பார்ப்பவர்களும் உண்டு. 2013ல் லஹாட் டத்து ஊடுருவலும் அதற்குப் பிந்திய ஆள்கடத்தல்களும் நடந்ததால், கிழக்கு சபா கடற்கரை பற்றிப் பல நாடுகள் தங்கள் மக்களை எச்சரித்தன. அதைப் படித்துவிட்டு ஒருவர் பினாங்கு வரவே அஞ்சினால், "அது எங்கே, இது எங்கே?" என்றுதான் ஈப்போவில் இருப்பவர் கேட்பார். அமெரிக்காவுக்கும் அதே கேள்வி பொருந்தும்.

உண்மையில் கவனம் வேண்டிய இடங்கள்

கணக்கு ஆறுதல் தருகிறது என்பதற்காக அசட்டையாக இருந்துவிடக் கூடாது. இங்கே இயல்பான சில பழக்கங்கள் அங்கே உயிருக்கே வினையாகலாம்.

முதலாவது, தவறான வாசல். 1992ல் லூசியானாவில் தங்கிப் படித்த 16 வயது ஜப்பானிய மாணவர் ஒருவர், ஹாலோவீன் விருந்து நடக்கும் வீடு என நினைத்து வேறொரு வீட்டுக்குப் போனார். வீட்டுக்காரர் துப்பாக்கியை நீட்டி, அசையாதே என்ற பொருளில் "ஃப்ரீஸ்" என்று கத்தினார். மாணவர் நிற்காமல் முன்னே வந்தார், சுடப்பட்டு இறந்தார். சுட்டவரைக் குற்றவியல் வழக்கில் நடுவர் குழு விடுவித்தது. 2023ஆம் ஆண்டு ஏப்ரலிலும் இதுபோல் நடந்தது. தம்பிகளை அழைத்து வரப் போய், வேறொரு வீட்டு மணியை அடித்த பதின்ம வயதுப் பையன் கன்சாஸ் நகரில் சுடப்பட்டு உயிர் தப்பினார். சில நாள்களில், தவறான வீட்டு வளாகத்தில் நுழைந்த காரில் இருந்த 20 வயதுப் பெண் நியூயார்க் மாநிலத்தில் கொல்லப்பட்டார். முகவரியைச் சரிபார்க்காமல் வாசலுக்குப் போகாதீர்கள். சந்தேகம் வந்தால் சாலையிலேயே நின்று தொலைபேசியில் அழையுங்கள்.

இரண்டாவது, போலீஸ். காரை நிறுத்தச் சொன்னால் இறங்கிப் போய்ப் பேசுவது இங்கே பலரின் வழக்கம். அங்கே அது மிரட்டலாகத் தெரியும். காரிலேயே அமர்ந்து, இரு கைகளும் ஸ்டீயரிங் மேல் தெரியும்படி வையுங்கள். உரிமத்தை எடுக்கும் முன் அது எங்கே இருக்கிறது என்று சொல்லுங்கள்.

மூன்றாவது, தங்கும் வீடு. உறவினர் வீடானாலும் துப்பாக்கி உண்டா, பூட்டி வைத்திருக்கிறார்களா என்று கேட்பதில் தவறில்லை, குறிப்பாகப் பேரப்பிள்ளைகள் உடன் வந்தால். தற்கொலைதான் பெரும்பங்கு என்பதைத் தனியாகப் படிக்கப் போகும் பிள்ளையின் பெற்றோர் மறக்கக் கூடாது. வாரம் ஒருமுறை மனம் விட்டுப் பேசுவது பெரிய காவல். அங்கே மன உளைச்சலுக்கு உதவி எண் 988, அவசர உதவிக்கு 911.

நான்காவது, சாலை. 2023ல் அங்கும் சாலையில் 40,000க்கும் அதிகமானோர் மாண்டனர். வாகனங்கள் வலப்பக்கமாக ஓடும் நாடு அது. வலப்புறம் பார்த்தே பழகியவர் தெருவைக் கடக்கும்போது முதலில் இடப்புறம் பார்க்க வேண்டும். வேறொரு வாகனமோட்டியுடன் வீண் வாக்குவாதமும் வேண்டாம், அவரிடம் துப்பாக்கி இருக்கலாம்.

எங்காவது துப்பாக்கிச் சத்தம் கேட்டால் அமெரிக்க அதிகாரிகள் சொல்லும் வழி இது: முதலில் ஓடுங்கள். முடியாவிட்டால் ஒளிந்து, கைப்பேசி ஒலியை நிறுத்துங்கள். வேறு வழியே இல்லாதபோது மட்டும் எதிர்த்துப் போராடுங்கள்.

பாட்டி கேட்க வேண்டியது

ஆகவே வீட்டில் கேள்வியை மாற்றிக் கேட்கலாம். எந்த ஊர், எந்தப் பகுதி? இரவில் நூலகத்திலிருந்து எப்படி அறைக்குத் திரும்புவாய்? வாஷிங்டனில் உள்ள மலேசியத் தூதரகத்தில் பெயரைப் பதிந்தாயா? இவற்றுக்குப் பேத்தியிடம் தெளிவான பதில் இருந்தால், அவள் கடப்பிதழை ஒளித்து வைக்க வேண்டியதில்லை. மோட்டார் சைக்கிளில் கிளம்பும் பேரனிடம் சொல்லும் அதே "பார்த்து வா" போதும்.